சிட்ரேட்டை ஏன் ஐசோசிட்ரேட் ஆக்க வேண்டும்? கிரெப்ஸ் சுழற்சியில் வண்டி நின்றுவிட்டது

இரண்டாம்பெஞ்ச்:

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. வியாழக்கிழமை உயிர்வேதியியல் உள்தேர்வு, மறுநாள் வைவா. குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸை எப்படியோ உருட்டி உள்ளே தள்ளிவிட்டேன். செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியில், அதாவது கிரெப்ஸ் சுழற்சியில்தான் வண்டி நின்றுவிட்டது.

எட்டுப் படி, எட்டு நொதி. நான்கு நாளாக எழுதிப் பார்க்கிறேன். சாயங்காலம் வருகிறது, காலையில் போய்விடுகிறது. ஹாஸ்டல் அறைக் கதவின் உள்பக்கம் படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து ரூம்மேட்டுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, எனக்கு ஆகவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஏன் என்று தெரியாமல் எதுவும் தங்காது. வகுப்பில் கேட்டேன். "அப்படித்தான் நடக்கிறது, எழுதிக்கொள்" என்று பதில் வந்தது. அதனால் இங்கே கேட்கிறேன்.

ஒன்று: சிட்ரேட்டுக்கும் ஐசோசிட்ரேட்டுக்கும் ஃபார்முலா ஒன்றேதான். ஒரு கார்பன்கூடக் கூடவில்லை, குறையவில்லை. பிறகு எதற்கு அதற்கென்று அகோனிடேஸ் என்று ஒரு நொதி?

இரண்டு: உணவு உடைந்து சுழற்சிக்குள் வரும் அசிட்டைல் கோஏ-வில் இருப்பது இரண்டே கார்பன். அதை நேராக எரித்து இரண்டு கார்பன் டை ஆக்சைடு ஆக்கிவிட்டுப் போகலாமே. எதற்கு நான்கு கார்பன்காரரின் முதுகில் ஏற்றிச் சுற்ற வேண்டும்?

மூன்று: ஹைட்ரஜனை வாங்கிச் சுமப்பது மூன்று இடத்தில் என்ஏடி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் எஃப்ஏடி. அந்த ஓர் இடம் என்ன பாவம் செய்தது?

---

நீட்_மூன்றாம்முறை:

ஏன் எதற்கு என்று கேட்டால் வியாழக்கிழமை போய்விடும். இதை எழுதிக்கொள்ளுங்கள்:

சித்தி ஐந்து ஆளுக்குச் சப்பாத்தி, சட்னி, பூரி, மாவடு, ஆப்பம்.

சிட்ரேட், ஐசோசிட்ரேட், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட், சக்சினைல் கோஏ, சக்சினேட், ஃபியூமரேட், மாலேட், ஆக்சலோஅசிட்டேட். முதல் ஆ ஆல்ஃபா, கடைசி ஆ ஆக்சலோ. சப்பாத்தி, சட்னி இரண்டும் 'ச' என்று குழம்ப வேண்டாம். சப்பாத்தி பெரியது, அதில்தான் கோஏ ஒட்டியிருக்கிறது.

என் சொந்தத் தயாரிப்பு. பசி நேரத்தில் சொல்லாதீர்கள்.

---

பழைய பிப்பெட்:

சித்தி வீட்டு விருந்து நன்றாகத்தான் இருக்கிறது. தேர்வில் கை நடுங்கும்போது உதவும். ஆனால் 'ஏன்' என்று கேட்கிறவருக்கு அது சாப்பாடு ஆகாது.

தம்பி, நான் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன். பாடம் நடத்துவது பேராசிரியர்கள். கரைசல் கலக்குவது, செய்முறை எடுப்பது, பிப்பெட் உடைந்தால் பதில் சொல்வது எல்லாம் நான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் ஆய்வக வாடை அடிக்கும்.

முதலில் பெயர்களை மூடி வைத்துவிட்டுக் கார்பனை மட்டும் எண்ணுங்கள். இரண்டும் நான்கும் ஆறு. ஆறிலிருந்து ஒன்று போய் ஐந்து. ஐந்திலிருந்து ஒன்று போய் நான்கு. அவ்வளவுதான். நான்காவது படியோடு கார்பன் கணக்கு முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் நான்கு படிகளில் கார்பன் எங்கேயும் போகாது. ஆரம்பித்த நான்கு கார்பன் உருவத்துக்குத் திரும்பும் வேலை மட்டும்தான். வழியில் ஹைட்ரஜனைக் கறந்துகொள்ளும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ஒரு கார்பாக்சில் தொகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று விழ வேண்டும் என்றால் அதற்குப் பக்கத்திலோ, ஒரு கார்பன் தள்ளியோ ஒரு கீட்டோ தொகுதி இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பிணைப்பு இளகும். அசிட்டேட்டைப் பாருங்கள். கார்பாக்சிலுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தில், அதோடு சரி. இளக்க ஆளே இல்லை. அதனால்தான் அதை ஆக்சலோஅசிட்டேட்டோடு ஒட்டி ஆறு கார்பன் ஆக்கிக்கொள்கிறது செல். ஒட்டிவைப்பது சிட்ரேட் சிந்தேஸ்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. மூன்றிலும் நல்ல கேள்வி இதுதான்.

சிட்ரேட்டில் கீட்டோ இல்லை, ஒரு ஓஹெச் இருக்கிறது. ஓஹெச்-ஐக் கீட்டோ ஆக்குவது சுலபம். அது உட்கார்ந்திருக்கும் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும், ஓஹெச்-இலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டால் போதும். ஆனால் சிட்ரேட்டின் ஓஹெச் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சரியாக நடுக் கார்பனில். கார்பனுக்கு நான்கு கை. அந்த நடுக் கார்பன் மூன்று கையால் மூன்று கார்பனைப் பிடித்திருக்கிறது, நான்காவது கையால் ஓஹெச்-ஐ. ஹைட்ரஜனுக்குக் கை மிச்சமில்லை. இல்லாத ஹைட்ரஜனை எந்த நொதி வந்து எடுக்கும்?

அகோனிடேஸ் செய்வது சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போடும் வேலை. ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கழற்றுகிறது. இடையில் வருவது சிஸ்-அகோனிடேட். அதே தண்ணீரை இடம் மாற்றித் திரும்பப் போடுகிறது. ஓஹெச் இப்போது பக்கத்துக் கார்பனுக்கு வந்துவிட்டது. அந்தக் கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறது. இதுதான் ஐசோசிட்ரேட். அடுத்து வரும் ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ் அந்த ஹைட்ரஜனை எடுத்து என்ஏடி-யிடம் கொடுக்க, கீட்டோ உண்டாகிறது, ஒரு கார்பாக்சில் இளகிக் கார்பன் டை ஆக்சைடாக விழுகிறது. ஐந்து கார்பன்.

இத்தனைக்கும் அகோனிடேஸைத் தனியாகக் குழாயில் விட்டு வைத்தால் பெரும்பாலும் சிட்ரேட்டாகவேதான் நிற்கும். ஐசோசிட்ரேட் பத்தில் ஒரு பங்குகூட வராது. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை ஓடுவதற்குக் காரணம், வந்த ஐசோசிட்ரேட்டை அடுத்த நொதி உடனுக்குடன் எடுத்துக்கொண்டே இருப்பதுதான். பந்தியில் அப்பளம் தட்டில் தங்காத மாதிரி.

நான்காவது படி ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேஸ். இதைப் புதிதாகப் படிக்க வேண்டாம். கிளைக்காலிசிஸின் முடிவில் வரும் பைருவேட்டை அசிட்டைல் கோஏ ஆக்கிய கூட்டுநொதியின் உடன்பிறப்பு இது. அதே ஐந்து துணைக்காரணிகள், அதே வேலை: கார்பன் டை ஆக்சைடைத் தள்ளு, ஹைட்ரஜனை என்ஏடி-க்குக் கொடு, மிச்சத்தைக் கோஏ-வில் மாட்டு. ஐந்தாவது படியில் அந்தக் கோஏ கழலும்போது வரும் ஆற்றலில் அந்த ஆற்றலை ஏந்தும் ஒரு ஜிடிபி பிறக்கிறது. நொதியின் பெயர் சக்சினைல் கோஏ சின்தெட்டேஸ். நம் சுழற்சியில் அது சக்சினைல் கோஏ-வைத் தயாரிக்கவில்லை, உடைக்கிறது. எதிர்த்திசை வேலையைப் பார்த்து வைத்த பெயர். என் மாணவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். ஹைட்ரஜனை எடு, தண்ணீரைச் சேர், மறுபடி ஹைட்ரஜனை எடு. சக்சினேட் ஃபியூமரேட் ஆகிறது, ஃபியூமரேட் மாலேட் ஆகிறது, மாலேட் ஆக்சலோஅசிட்டேட் ஆகிறது. கொழுப்பு அமிலங்களை உடைக்கும் பாடம் வரும்போது இதே மூன்று அசைவும் இதே வரிசையில் திரும்ப வரும். இப்போது பிடித்துவைத்தால் அப்போது பாதிப் படிப்பு மிச்சம்.

எஃப்ஏடி-யின் பாவம் இந்த ஆறாவது படியில் இருக்கிறது. மற்ற இடங்களில் ஹைட்ரஜன் வருவது ஓஹெச் உள்ள கார்பனிலிருந்தோ, கீட்டோ அமிலத்திலிருந்தோ. சக்சினேட்டில் அந்த வசதி இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிஹெச்2-விலிருந்து ஒவ்வொன்றாகப் பறித்து இரட்டைப் பிணைப்பு உண்டாக்க வேண்டும். அதில் வரும் ஆற்றல் என்ஏடி-யை நிரப்பக் காணாது. எஃப்ஏடி-க்குப் போதும். அந்த எஃப்ஏடி-யும் ஊர் சுற்றும் ஆள் இல்லை, நொதியோடு ஒட்டியே இருக்கும்.

இந்தச் சக்சினேட் டீஹைட்ரஜனேஸ் நான் கண்ணால் பார்த்த நொதி. நொதி வேலை செய்வதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். காலை ஆறரைக்குக் கறிக்கடைக்குப் போய் ஓர் ஆட்டு இதயம் வாங்குவேன். பனிக்கட்டி போட்ட தூக்குவாளியில் வைத்து எடுத்து வருவேன். கொழுப்பை நீக்கி, பொடியாக நறுக்கி, குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் அரைத்து, மல்துணியில் வடிகட்டினால் இளஞ்சிவப்பாக ஒரு சாறு வரும். மூன்று குழாய். மூன்றிலும் சாறு, மெத்திலீன் நீலம். முதலாவதில் சக்சினேட். இரண்டாவதில் சக்சினேட்டும் மலோனேட்டும். மூன்றாவதில் கொதிக்கவைத்த சாறோடு சக்சினேட். காற்றுப் படாமல் இருக்க மேலே ஒரு விரல் உயரத்துக்குத் திரவ பாரஃபின். அப்புறம் 37 டிகிரித் தண்ணீரில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் குழாயில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். நொதி பறித்த ஹைட்ரஜன் சாயத்துக்குப் போய்ச் சேர்கிறது, சாயம் நிறம் இழக்கிறது. வெளுத்த குழாயின் பாரஃபினை உறிஞ்சிவிட்டுக் குலுக்கினால் காற்றுப்பட்டு மறுபடி நீலம். அந்த இடத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்ப்பதற்காகவே வருஷா வருஷம் இதயம் வாங்கினேன். இரண்டாவது குழாய் நீலமாகவே நிற்கும். மலோனேட் பார்க்கச் சக்சினேட் மாதிரியே இருக்கும். இரண்டு முனையிலும் கார்பாக்சில். ஆனால் நடுவில் இரண்டு சிஹெச்2-வுக்குப் பதில் ஒன்றுதான். நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஜோடியாக ஹைட்ரஜன் பறிக்க அங்கே இடமில்லை. பிடித்த பிடியில் நிற்கும்.

ஒரு வருஷம் இரண்டாவது குழாயும் வெளுத்துவிட்டது. வெளித்தேர்வாளர் வந்து நிற்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. மலோனேட் கெட்டுவிட்டதோ, பஃபர் தப்போ என்று என்னென்னவோ யோசித்தேன். கடைசியில் அந்த மாணவன் மெதுவாகச் சொன்னான்: "சார், சக்சினேட் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டேன்." அஞ்சு மடங்கு விட்டிருக்கிறான். மலோனேட்டுக்கு முன்னால் அத்தனை சக்சினேட் வரிசையில் நின்றால் நொதியின் கையில் பெரும்பாலும் சக்சினேட்தானே கிடைக்கும்? போட்டித் தடுப்பு என்று புத்தகத்தில் போட்டிருப்பதை அவன் தப்புச் செய்து நிரூபித்துக் காட்டிவிட்டான். தேர்வாளர் அவனுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டார்.

இதே மலோனேட்தான் ஹான்ஸ் கிரெப்ஸுக்கும் கை கொடுத்தது. 1937, ஷெஃபீல்டு பல்கலைக்கழகம். கூட இருந்தவர் வில்லியம் ஜான்சன் என்ற ஆய்வு மாணவர். கையில் இருந்தது அரைத்த புறா நெஞ்சுத் தசை. பறக்கும் தசை ஆக்சிஜனைக் குடித்துத் தள்ளும், அளக்க வசதி. மலோனேட் போட்டுச் சக்சினேட் படியை அடைத்தார்கள். அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆக்சலோஅசிட்டேட்டைப் போட்டாலும் அடைப்புக்கு இந்தப் பக்கம் சக்சினேட் குவிந்தது. தெருவின் நடுவில் தடுப்புப் போட்ட பிறகும், அந்தப் பக்கம் விட்ட ஆள் இந்தப் பக்கம் வந்து நிற்கிறான் என்றால் ஊரைச் சுற்றி ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்? வட்டம் என்று தெரிந்தது இப்படித்தான்.

இதை எழுதி அனுப்பிய கடிதத்தை 'நேச்சர்' இதழ் போடவில்லை. ஏழெட்டு வாரத்துக்குப் போதுமான கடிதங்கள் கையிருப்பில் உள்ளன என்று சொல்லிவிட்டார்கள். ஹாலந்திலிருந்து வந்த 'என்சைமோலோஜியா' வெளியிட்டது. 1953-இல் நோபல் பரிசு, கோஎன்சைம் ஏ-வைக் கண்டறிந்த ஃபிரிட்ஸ் லிப்மனோடு சேர்த்து. உங்கள் கேள்வியை ஒருவர் தள்ளிவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம் என்று சொல்ல வந்தேன், வேறொன்றுமில்லை.

---

இரண்டாம்பெஞ்ச்:

சார், முதலில் நன்றி. இரண்டாவது, தம்பி இல்லை, தங்கச்சி.

அந்த நடுக் கார்பனுக்குக் கை மிச்சமில்லை என்ற இடத்தில் புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை! நான்கு நாளாக அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 38 என்று படித்தேன். சீனியர் அக்கா குறிப்பில் 36. கல்லூரிப் புத்தகத்தில் 32. ஏன் இப்படிக் குறைந்துகொண்டே வருகிறது? இரண்டாவது, உள்ளே வந்த இரண்டு கார்பனும் அதே சுற்றில் கார்பன் டை ஆக்சைடாக வெளியே போய்விடுகிறது என்று எழுதினேன், தப்பு என்று சுழித்திருக்கிறார்கள். இரண்டு வருகிறது, இரண்டு போகிறது. பிறகு எப்படித் தப்பு?

---

பனங்கிழங்கு:

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இங்கே நாங்கள் கிரெப்சின் வட்டம் என்போம். நொதிக்கு நொதியம், மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழைமணி. உங்கள் திரியை வாசிக்க முதல் ஐந்து நிமிடம் மொழிபெயர்ப்பிலேயே போய்விட்டது.

தங்கச்சிக்கு ஒரு விஷயம் மட்டும். வைவாவில் "எங்கே நடக்கிறது" என்று கேட்டால் இழைமணியின் தாயத்தில், அதாவது நீங்கள் சொல்லும் மேட்ரிக்ஸில் என்று சொல்லிவிட்டு நிறுத்தாதேயுங்கோ. ஏழு நொதியங்கள் அங்கே. சக்சினேட் டீஹைட்ரஜனேஸ் மட்டும் உள்மென்சவ்வில் பதிந்திருக்கும். அதே நொதியம்தான் இலத்திரன் (எலக்ட்ரான்) கடத்தற் சங்கிலியின் இரண்டாம் சிக்கலும் (காம்ப்ளெக்ஸ் II). ஒரே ஆள், இரண்டு உத்தியோகம். ஐயா சொன்ன எஃப்ஏடி ஊர் சுற்றாததற்கும் இதுதான் வசதி. கிடைத்த இலத்திரனை நின்ற இடத்திலேயே சங்கிலிக்குக் கொடுத்துவிடலாம்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் படி எது என்றும் கேட்பார்கள். ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ். ஏடிபி-யும் (ATP), ஹைட்ரஜன் ஏற்றிய என்ஏடி ஆன என்ஏடிஹெச்-உம் நிறைந்து கிடந்தால் மந்தமாகும், அது செலவாகி மிஞ்சுவதும் ஏடிபி (ADP), இரண்டையும் தமிழில் எழுதினால் ஒன்றாகவே தெரிகிறது பாருங்கோ! மூன்று பொசுபேற்று (பாஸ்பேட்) உள்ளது குறைந்து, இரண்டு உள்ளது கூடினால் வேகம் எடுக்கும். கல்சியமும் முடுக்கும். தசை சுருங்கும்போது கல்சியம் வெளிவருகிறது அல்லவா, அந்த நேரத்தில்தான் சக்தியும் வேண்டும்.

---

பழைய பிப்பெட்:

மன்னிக்கவும் அம்மா. பெயரைப் பார்த்து ஆளை முடிவு செய்தது என் தப்பு.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பழைய கணக்கில் ஒரு என்ஏடிஹெச்-க்கு 3, ஒரு எஃப்ஏடிஹெச்2-வுக்கு 2 என்று முழு எண்ணாக வைத்தார்கள். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 9, 2, ஜிடிபி 1, மொத்தம் 12. பிறகு சவ்வைத் தாண்டும் புரோட்டான்களை எண்ணினார்கள். ஒரு என்ஏடிஹெச் ஏறத்தாழ 10 புரோட்டானை வெளியே தள்ளுகிறது, ஒரு ஏடிபி செய்து வெளியே அனுப்ப 4 தேவை. ஆக 2.5. எஃப்ஏடிஹெச்2 தள்ளுவது 6, ஆக 1.5. இப்போது ஒரு சுற்றுக்கு ஏழரையும் ஒன்றரையும் ஒன்றும் சேர்த்து 10. குளுக்கோஸுக்கு இரண்டு சுற்று, 20. பைருவேட் படியில் 5. கிளைக்காலிசிஸில் நேராக 2, அங்கே வந்த இரண்டு என்ஏடிஹெச்-க்கு 5 அல்லது 3. கூட்டினால் 32 அல்லது 30. கடைசியில் அந்த 5-ஆ 3-ஆ என்பது, வெளியே பிறந்த என்ஏடிஹெச்-இன் ஹைட்ரஜனை எந்த வழியாக உள்ளே கொண்டுபோகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய 38, 36 வித்தியாசமும் இதே காரணம்தான். தேர்வில் உங்கள் புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்.

கார்பன் விஷயத்தில் உங்களைச் சுழித்தவர் சரியாகத்தான் சுழித்திருக்கிறார். இரண்டு வருகிறது, இரண்டு போகிறது, ஆனால் வந்தவர் போகவில்லை. முதல் சுற்றில் வெளியேறும் இரண்டும் பழைய ஆக்சலோஅசிட்டேட் பக்கத்துக் கார்பன்கள். புதிதாக வந்த இரண்டும் அடுத்தடுத்த சுற்றுகளில்தான் கழலும்.

இது ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. சிட்ரேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கை. எது புதுக் கை, எது பழைய கை என்று நொதிக்கு எப்படித் தெரியும்? தெரியாது, ஆகவே சிட்ரேட் இந்த வட்டத்திலேயே இல்லை என்று நாற்பதுகளில் பலர் நினைத்தார்கள். ட்ரைகார்பாக்சிலிக் அமிலச் சுழற்சி என்று பொதுவாகப் பெயர் சொல்வதும் அந்தச் சந்தேகக் காலத்தில் வசதியாக இருந்தது. 1948-இல் ஆக்ஸ்டன் என்பவர் முடிச்சை அவிழ்த்தார். டவுன் பஸ்ஸில் உட்காருங்கள். உங்கள் இரண்டு கையும் ஒன்றுபோலத்தான். ஆனால் சீட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு கை சன்னல் பக்கம், இன்னொரு கை கண்டக்டர் பக்கம். கண்டக்டர் உரசிக்கொண்டு போவது எந்தக் கையை? சிட்ரேட்டும் நொதியில் மூன்று இடத்தில் பொருந்தி உட்காருகிறது. உட்கார்ந்த பிறகு இரண்டு கையும் வேறு வேறு.

கேட்காமல் ஒன்று சொல்கிறேன், வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள். எட்டாவது படி, மாலேட் டீஹைட்ரஜனேஸ், தனியாகப் பார்த்தால் மேடு ஏறுகிற வினை. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 30 கிலோஜூல் ஏற்றம். எப்படி ஓடுகிறது? அடுத்த படியான சிட்ரேட் சிந்தேஸ் ஏறத்தாழ 32 கிலோஜூல் சரிவு. எங்கள் ஊரில் சின்ன வயதில் கமலை இறைப்புப் பார்த்திருக்கிறேன். மாடு சரிவில் இறங்கும்போது சால் கிணற்றிலிருந்து மேலே வரும். இங்கே வடக்கயிறு கிடையாது. சிட்ரேட் சிந்தேஸ் ஆக்சலோஅசிட்டேட்டை உடனே உடனே அள்ளிக்கொள்வதால் அது லிட்டருக்கு மைக்ரோமோல் அளவுக்கும் கீழே வறண்டு கிடக்கிறது. வறண்ட பக்கத்துக்குத்தானே மாலேட் ஓடும்.

---

நைட் டியூட்டி:

தங்கச்சி, நான் ஒன்பது வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். இதையெல்லாம் முதலாண்டோடு மறந்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். நானும் மறந்தேன். ஒரு ராத்திரி திரும்பிப் படிக்க வேண்டியதாயிற்று.

வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிறவர், பத்து நாளாகச் சோறே இறங்கவில்லை என்று மனைவி கூட்டிவந்தார். நடை தள்ளாடுகிறது, கண் ஒரு பக்கமாக ஆடுகிறது, எந்த ஊர் என்று கேட்டால் பேத்தல். குடி இறங்கவில்லை என்று நான் நினைத்தேன். டியூட்டி டாக்டர் பார்த்தவுடன் தையமின் (வைட்டமின் பி1) ஊசி எடுக்கச் சொன்னார். நான் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "அதை அப்புறம், முதலில் இது" என்றார்.

காரணம் பழைய பிப்பெட் சார் சொன்ன நான்காவது படியில் இருக்கிறது. அந்தக் கூட்டுநொதிக்கும், பைருவேட்டை உடைக்கும் அதன் உடன்பிறப்புக்கும் தையமினிலிருந்து வரும் டிபிபி வேண்டும். உடம்பில் தையமின் அடிமட்டத்தில் இருக்கும்போது குளுக்கோஸை மட்டும் கொட்டினால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் செலவாகும். மூளை தாங்காது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தால் குளுக்கோஸைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். இவருக்குச் சர்க்கரை அளவு சரியாக இருந்தது.

விடிவதற்குள் கண் ஆடுவது குறைந்திருந்தது. காபி கேட்டார்.

இன்னொன்று. டிரிப்ஸ் பாட்டிலில் மல்டிவிட்டமின் கலந்தால் மஞ்சளாகுமே, பார்த்திருப்பாய். அந்த மஞ்சள் பி2. அதுதான் உன் எஃப்ஏடி. பி3 என்ஏடி, பி5 கோஏ, பி1 டிபிபி. மஞ்சள் பாட்டிலைத் தொங்கவிடும்போதெல்லாம் சுழற்சியைத் தொங்கவிடுகிறோம் என்று நான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். நம் ஊர்ப் புழுங்கல் அரிசியிலும் பி1 கொஞ்சம் தங்கும். நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் பக்கத்திலிருந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பளபளவென்று தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும்.

---

இரண்டாம்பெஞ்ச்:

தேர்வு முடிந்தது. சிட்ரேட்டிலிருந்து ஆரம்பிக்காமல், சார் சொன்ன மாதிரி கார்பன் எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு மேலே பெயர் போட்டேன். எட்டும் வந்தது. ஃபியூமரேஸ் பெயர் மட்டும் கடைசி நிமிடம் வரை வரவில்லை. சித்தி வீட்டுப் பூரிதான் காப்பாற்றியது. நன்றி, மூன்றாம்முறை.

ஒரு சிக்கல். வைவாவுக்காக ஆய்வகத்தில் காத்திருந்தபோது சுவரில் தொங்கும் பெரிய சார்ட்டைப் பார்த்தேன். அதில் எஃப்ஏடிஹெச்2 அம்புக்குறியை ஃபியூமரேட்டிலிருந்து மாலேட்டுக்குப் போகும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே தண்ணீர்தானே சேர வேண்டும்? மூன்று தடவை பார்த்துவிட்டேன். தப்புத்தான். வைவா நாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மேடத்திடம் சொல்லலாமா?

---

பழைய பிப்பெட்:

கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. நாளை மறுநாள்.